நூற்றெண்பது ரூபாய் போர்டு

பழங்காநத்தம் பழைய இரும்புக்கடையில்
நாகூர்கனி அதைத் தராசில் போட்டு எடுத்தார்.
"செம்புக்குத்தான் காசு, சிப்புக்குக் கிடையாது."
நூற்றெண்பது ரூபாய்.
எந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலோ
பதினைந்து வருடம் நின்ற போர்டு.
மடியில் வைத்துக்கொண்டு பசுமலைக்கு வந்தேன்
டவுன் பஸ்ஸில்.

நாங்கள் எழுதும் கர்னல் மூன்று செயலிகளில் ஓடும்.
மூன்றும் எண்ணின் சின்ன முனையை முதலில் வைப்பவை.
இது பெரிய முனையை முதலில் வைக்கும்.
அதே பஸ், அதே நாலு பைட்டு,
கண்டக்டர் மட்டும்
பின்வாசலில் இருந்து எண்ணிக்கொண்டு வருகிறார்.

முதல் பூட்.
சீரியல் கேபிளில் நாலு வரி ஒழுங்காக வந்தது.
ஐந்தாவது வரி:
டிஸ்க்குகள், 16777216.
நான் செருகியிருந்தது ஒன்று.
ஒன்றை மறுமுனையிலிருந்து படித்தால்
ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்து
எழுபத்தேழாயிரத்து இருநூற்றுப் பதினாறு.
ராத்திரி ஒன்றரை மணிக்கு
இத்தனை சொத்து எனக்கு வந்ததே இல்லை.

புதிதா என்ன, இது?
கெ எழுதக் கொம்பை முதலில் போடுகிறேன்,
வாயில் க்-தான் முந்துகிறது.
கொ-வில் எழுத்து நடுவே,
முன்னால் ஒரு காவல், பின்னால் ஒரு காவல்.
முகவரியைக் கதவெண்ணில் தொடங்கி மாவட்டத்தில் முடிக்கிறேன்,
செக்கில் தொகையை
லட்சத்தில் தொடங்கி ரூபாயில் முடிக்கிறேன்.
கை குழம்பியதில்லை.

பிராகாவிலிருந்து என் திருத்தங்களைப் பார்க்கும் ஒண்ட்ரேய்
என்னை தேவசகாயம் என்கிறார்.
அது அப்பா. நான் பாக்கியசீலி.
பெயரில் எந்த முனை நான் என்று
இரண்டு தடவை சொல்லியாயிற்று.

ஒரு மாதம் புரட்டினேன்.
டிஸ்க்கிலிருந்து வருவதைப் புரட்டு.
நெட்வொர்க்கைத் தொடாதே,
அது பிறந்ததிலிருந்தே பெரிய முனை,
இந்தப் போர்டுக்கு அது தாய்வீடு.
ஒரு வேகத்தில் எழுத்துச் சரங்களையும் புரட்டிவிட்டேன்.
போர்டுக்கு வைகை என்று பெயர் வைத்திருந்தேன்.
திரையில் அன்று அது
ராமநாதபுரம் கண்மாயிலிருந்து
வருசநாட்டு மலைக்கு ஏறி ஓடியது.

சோதனைகள் எல்லாம் பச்சை.
சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.
நான் போட்ட சோதனை எண் விகடகவி.
முன்னாலிருந்தும் அதே, பின்னாலிருந்தும் அதே.
அது எதை நிரூபிக்கும்?

அக்னி நட்சத்திரம் ஆரம்பித்து நாலாம் நாள்.
கரண்ட் போய் வந்திருக்கிறது,
மின்விசிறி அனல் கொட்டுகிறது,
போர்டைத் தொட்டால் விரல் சுடுகிறது.
வெப்பமானி டிரைவர் சொல்கிறது:
பூஜ்யம் டிகிரி.

தேடினேன்.
நாலு பைட்டு எண்ணை
ஒரே பைட்டாக வாங்கிக்கொள்ளும் ஒரு வரி.
மற்ற மூன்று செயலிகளிலும்
வாசலில் முதலில் நின்றது தேவையான ஆள்,
அதனால் ஓடியது.
இங்கே வாசலில் நின்றது வெறும் பூஜ்யம்.
எழுதியது யார் என்று பார்த்தேன்.
மூன்று வருடத்துக்கு முந்தைய
பாக்கியசீலி.
ஆயிரக்கணக்கான மெஷின்களில்
அவள் அதிர்ஷ்டம் மட்டும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

வரியைத் திருத்தினேன்.
ஐம்பத்திரண்டு டிகிரி.
அந்த எண்ணைப் பார்த்து
யாரும் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள்.

இந்தப் போர்டை உலகத்தில் யார் ஓட்டப்போகிறார்கள்
என்று ஆபீசில் கேட்டார்கள்.
ஒருவேளை நானும் இன்னும் மூன்று பேரும்.
வெப்பமானியைப் பற்றி நான் சொல்லத் தொடங்குவதற்குள்
டீ வந்துவிட்டது.

ஒண்ட்ரேய் சேர்த்துக்கொண்டார்.
"அருமை, தேவசகாயம்."
அப்பாவிடம் சொன்னேன்.
"நான் என்னம்மா செய்தேன்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி பழங்காநத்தம்.
"ஓடுச்சா?"
"ஓடுது."
நாகூர்கனி உள்ளே போய்
அதே மாதிரி இன்னும் இரண்டை எடுத்து வந்தார்.
தராசில் வைக்கவில்லை.
"ஓடுற சாமான்னா" என்றார்,
"இருநூற்றைம்பது."